கண்ணில் முளைத்த நெல்

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்வார்கள். அது சரியில்லை. என் கோபம் நாக்கு நுனியில்தான் இருந்தது, வெளியே வந்ததும் தீர்ந்துவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் கண் டாக்டராக இருந்த வருடங்களில் அந்த நாக்குக்கு ஓய்வே கிடைக்கவில்லை. கண்ணில் இலைச்சாற்றைப் பிழிந்துகொண்டு வருவார்கள். தாய்ப்பால் விட்டு, அது ஒத்துக்கொள்ளாமல் கண் வீங்கி வருவார்கள். "ஏன் இத்தனை நாள் வரல?" என்று கேட்டால் "நடவுங்க" என்பார்கள், இல்லாவிட்டால் "அறுப்புங்க" என்பார்கள். இரண்டும் இல்லாத மாதத்தில் "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுங்க" என்பார்கள். நான் கத்துவேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, இப்ப மருந்து விடுங்க" என்பார்கள்.

நான் தரங்கம்பாடிக்காரி. அப்பா திருச்சபைப் பள்ளியில் வாத்தியார். எங்கள் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நமக்கு நிலம் என்றால் கல்லறைத் தோட்டத்து ஆறடிதான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அதனால் வயலைப் பற்றிய பேச்சு என் காதில் ஏறாது. ஆனால் அந்த வருடங்களில் அந்தச் சீமையில் வேறு பேச்சே இல்லை. நில உச்சவரம்புச் சட்டப்படி மிராசுதார்களின் உபரி நிலத்தை எடுத்துக் கூலிக்காரர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டா கைக்கு வரும், நிலம் வராது. மிராசுதார் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்குவார். ஸ்டே உடைந்தால், உழுது நட்டுப் பயிர் வைத்தது யார் என்று ஊரும் தாசில்தாரும் பார்ப்பார்கள். நட்டவர் கைதான் ஓங்கும். ஒரு பருவம் விட்டுவிட்டால் எதிராளி டிராக்டரை இறக்கிவிடுவார். அப்புறம் பட்டாவை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனி மாதம் ஒரு காலையில் அந்த அம்மாள் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. நடவு வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவர். கூட அவர் கணவரின் தங்கை. வலது பக்க முகத்தை முந்தானையால் மூடியிருந்தார். விலக்கச் சொன்னேன். இடது கன்னம் மஞ்சள் பூசிப் பளிச்சென்று இருந்தது. வலது கன்னத்தில் அழுக்குப் பொருக்குத் தட்டியிருந்தது.

"என்னம்மா இது, பாதி மூஞ்சிதான் கழுவுவீங்களா?" என்றேன்.

நாத்தனார்தான் பதில் சொன்னார். "அண்ணி கண்ணுல நெல்லு மொளைச்சிருக்குங்க டாக்டரம்மா. அதுக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்னு வெச்சிருக்கோம்."

தை மாத அறுப்பில் களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் ஏதோ விழுந்திருக்கிறது. ஊரில் தூசி எடுக்கத் தெரிந்த ஒருத்தி நாக்கால் துழாவி ஒரு உமித் துணுக்கை எடுத்துவிட்டாள். ஆனாலும் உறுத்தல் போகவில்லை. சில வாரங்களில் கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று தலைகாட்டியது. உமி வந்துவிட்டது, நெல் உள்ளே தங்கிவிட்டது, அதுதான் முளைவிடுகிறது என்று தெருவே கூடி முடிவு செய்தது. வேண்டாத பயிரைக் கொல்ல அவர்களுக்குத் தெரிந்த வழி மடையை அடைப்பது. மாசி மாதத்திலிருந்து அந்தப் பக்கத்து முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"வாய்க்கால அடைச்சா எந்தப் பயிருதாங்க காயாது?" என்று அந்த அம்மாள் என்னையே கேட்டார்.

என் நாக்கு தயாராகிவிட்டது. "கண்ணுக்குள்ளயே தண்ணி ஊறுதேம்மா. அழுதா என்ன பண்ணுவீங்க?"

"அழுவலைங்க. அவரப் புடிச்சுத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனாங்க, அன்னிக்குக்கூட அழுவல. மொளைக்கு ஈரம் பட்டுடும்னு அடக்கிக்கிட்டேன்."

நிலத் தகராறில் அவர் கணவரைப் பிடித்துப் போயிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவர் முகத்தைக் கழுவிவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நோயாளி எவருக்கும் நான் முகம் கழுவிவிட்டதில்லை.

வயல் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலாலும் காற்றாலும் கண்ணின் வெள்ளையில் சதை வளரும். தினமும் பார்க்கிற சமாசாரம் அது. சிறகு மாதிரி முக்கோணமாக, மெல்ல வளரும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இது அப்படி இல்லை. பூதக்கண்ணாடி வைத்த விளக்கில் பார்த்தபோது, ஆறிய கஞ்சியின் மேல் படிகிற ஏடு போல வெளுத்து மேடாக இருந்தது. சுற்றிலும் தடித்த ரத்தக் குழாய்கள் அதை நோக்கி ஓடின. வாய்க்கால் வெட்டித் தனக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வது நோய்தான், தெரு கொஞ்சம் சரியாகத்தான் யூகித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரோஜா நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டேன். நல்ல இடத்தில் அந்தச் சாயம் ஒட்டாது. மேட்டின்மேல் திட்டுத் திட்டாக ஒட்டியது. கருவிழியின் மேலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

கண்ணின் மேற்பரப்பில் வருகிற புற்று. அபூர்வம். மெட்ராசில் படித்தபோது ஒரே ஒருவருக்குத்தான் பார்த்திருந்தேன், அவருக்குக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பலரும் அதைத்தான் செய்தார்கள். என் பழைய சீனியருக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். "ரிஸ்க் எடுக்காதே. உள்ளே இறங்கிட்டா உயிருக்கே ஆபத்து. எடுத்துடு" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, பஞ்சுக் குச்சியால் அந்த மேட்டைத் தள்ளிப் பார்த்திருந்தேன். அடியில் ஒட்டிப் பிடிக்காமல் நகர்ந்தது. இன்னும் மேலேயேதான் இருக்கிறது. சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுத்து, வெட்டிய ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைத்துத் திரும்ப இளகவிட்டால், மிச்சம் மீதி இருக்கிற கெட்ட அணுக்கள் செத்துப்போகும் என்று படித்திருந்தேன். கண் தப்பும். ஆனால் தாமதிக்கக் கூடாது.

அந்த அம்மாளை உட்காரவைத்து, புற்று என்ற வார்த்தையை ஒளிக்காமல் சொன்னேன். பயப்பட வேண்டாம் என்பதற்காக, "களை மாதிரிதாம்மா, வேரோட எடுத்துடலாம்" என்றும் சொல்லிவைத்தேன்.

"களைன்னா மறுபடி வருமேங்க" என்றார் அவர். "எந்த ஊருல களை ஒருதரம் எடுத்தா போயிடுது?"

அசடு வழிந்தேன். வரலாம், அதனால்தான் நான் சொல்கிறபோதெல்லாம் வந்து காட்ட வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "சரிங்க. குறுவை நட்டுட்டு வந்துடுறேன்" என்றார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரம் வரை கேட்டது என்பார்கள். கண் பெரிசா நடவு பெரிசா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. அவர் பேரில் பட்டா வந்திருந்தது. ஸ்டே உடைந்து முதல் பருவம். கணவர் ஜெயிலில். அவர் வயலில் நின்று நடாவிட்டால், நட ஆளில்லை என்று சொல்லி மிராசுதார் வீட்டு டிராக்டர் இறங்கிவிடும்.

"ஒங்களுக்குக் கண்ணுதாங்க தெரியுது. கண்ணு ரெண்டு இருக்கு. நெலம் ஒண்ணுதான்" என்றார்.

பேரம் பேசினேன். ஆபரேஷன் இப்போதே. அதற்கு அடுத்த வாரம் நடவு. தெருப் பெண்கள் நடட்டும். அவர் வரப்பில் நிற்கட்டும், எல்லாரும் பார்க்க நிற்கட்டும், ஆனால் சேற்றில் இறங்கக் கூடாது, குனியக் கூடாது. குனியலாம் என்று நான் சொல்லும்வரை நாற்றையும் தொடக் கூடாது, அரிவாளையும் தொடக் கூடாது. சேற்றுத் தண்ணீரும் களத்துத் தூசியும் ஆறுகிற கண்ணுக்கு எமன்.

"நடவாளு குனியாம எப்படிங்க இருக்குறது?" என்று முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்.

கடுங்குளிருக்கு எங்கே போவது? எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த மிகக் குளிர்ந்த வஸ்து சமையலறைப் பானைத் தண்ணீர். ரொம்ப யோசித்தபிறகு மாட்டாஸ்பத்திரி ஞாபகம் வந்தது. பசுக்களுக்குச் சினை ஊசி போட, காளையின் விந்தைத் திரவ நைட்ரஜன் டிரம்மில் போட்டுத்தான் பாதுகாப்பார்கள். கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு விஷயத்தைக் கேட்டு முகம் மாறினார். ஆபரேஷன் அன்று காலை, ஒரு சின்ன டிரம்மை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். லேத் பட்டறையில் சொல்லி, நுனி உருண்டையான பித்தளைக் கம்பி ஒன்றும் செய்து வைத்திருந்தேன்.

அந்த டிரம்மை நாத்தனார் பார்த்துவிட்டார். அவர்கள் வீட்டுப் பசுவுக்கு அதிலிருந்துதான் ஊசி போட்டிருந்தார்கள்.

"அய்யய்யோ! இது காளை ஊசி டிரம்முல்ல? இதையா அண்ணி கண்ணுல வெக்கப் போறீங்க?"

வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் தன் சொட்டு மருந்தும் அதிலிருந்துதான் வருகிறதா என்று விசாரித்தார். நாத்தனார் துணிமணிகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார். நான் விளக்கினேன், கத்தினேன், ஊசி வேறு குளிர் வேறு என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருந்த டிரம்மின் பக்கத்தில் கால்நடை டாக்டர் திருடனைப் போல நின்றார்.

அந்த அம்மாள்தான் கட்டிலில் படுத்தபடி சிரித்தார். "பைய வைடி. கன்னுக்குட்டி பொறந்தா பொறக்கட்டும். டாக்டரம்மாவுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு."

வார்டு வெடித்துச் சிரித்தது. அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. அவர் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருந்தார் என்பது, மேசையில் ஏற்றியபோது அவர் கையைப் பிடித்த எனக்குத்தான் தெரியும். சில்லிட்டிருந்தது.

கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தோம். அவர் விழித்திருந்தார். மேட்டைத் தொடாமல், அதைச் சுற்றி அரை நெல் நீளத்துக்கு நல்ல சதையைச் சேர்த்து வெட்டத் தொடங்கினேன். வழக்கப்படி சிஸ்டர் கண்ணை நனைக்கத் தண்ணீர்ப் பீச்சாங்குழலை எடுத்தார்.

"தண்ணி விடாதீங்க சிஸ்டர்!" என்று அதட்டினேன். கட்டியை எடுக்கும்முன் நனைத்தால் அதிலிருந்து உதிரும் அணுக்கள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

முகத்தை மூடிய துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இதையேதானங்க நானும் சொன்னேன். அப்ப மட்டும் திட்டுனீங்க?"

"வாயை மூடிக்கிட்டுப் படுங்கம்மா, கண்ணு ஆடுது" என்றேன். சிரித்துவிட்டால் என் கையும் ஆடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கட்டி வந்தது. கருவிழி மேல் ஏறியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். பித்தளைக் கம்பியைக் குளிரில் தோய்த்து, வெட்டிய ஓரத்தை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, அடியில் இருக்கும் கண்ணுக்குக் குளிர் இறங்காதபடி தொட்டேன். ஓரம் வெள்ளையாக உறைந்தது. இளகவிட்டு மறுபடி உறையவைத்தேன். ஒரு சுற்று முழுக்க. எடுத்த சதையைச் சுருண்டுகொள்ளாமல் காகிதத்தில் விரித்து, மேல் பக்கம் எது கீழ்ப் பக்கம் எது என்று நூலால் அடையாளம் கட்டி, மருந்து பாட்டிலில் போட்டுத் தஞ்சாவூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

நடவு நாளன்று அவரைத் தனியாக விட எனக்கு நம்பிக்கை இல்லை. சேற்றைக் கண்டால் இறங்கிவிடுவார். ஆஸ்பத்திரி ஜீப்பில் கூட்டிக்கொண்டு நானே போனேன். கண்ணில் கட்டோடு அவர் வரப்பில் நிற்க, நான் பக்கத்தில் குடை பிடித்து நின்றேன். தெருப் பெண்கள் இறங்கி நட்டார்கள். "அப்படி நெருக்கி வைக்காதடி, குத்துக்கு ரெண்டு நாத்துப் போதும்" என்று இவர் கரையிலிருந்து ஓயாமல் விரட்டினார். அவர் முதுகு தானாக வளையும். நான் முந்தானையைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவேன்.

வெயில் ஏறும் நேரத்தில் டிராக்டர் வந்தது. கூடவே மிராசுதாரின் காரியஸ்தர். அந்தக் காரியஸ்தருடைய அம்மாவுக்கு நான்தான் கண்புரை எடுத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனார்.

"டாக்டரம்மா, நீங்க எங்கங்க இங்க?"

"பேஷண்டுக்கு மருந்து விட வந்தேன். நீங்க?"

"இது கோர்ட்டுல இருக்குற நெலமுங்க."

"இருக்கட்டும். இந்தக் கண்ணு என் ஆஸ்பத்திரில இருக்கு. தூசி கெளப்பாதீங்க. வண்டிய அந்தப் பக்கம் திருப்புங்க."

எனக்குப் பயந்துதான் அவர் போனார் என்று சொன்னால் பொய். சேற்றில் நின்ற பெண்கள் ஒருவர்கூட நிமிரவில்லை, நட்டுக்கொண்டே இருந்தார்கள். வயலில் முக்கால் பங்கு பச்சையாகிவிட்டது. நட்ட வயலில் டிராக்டரை ஓட்டினால் வழக்கு வேறு மாதிரி திரும்பும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தஞ்சாவூர் ரிப்போர்ட் மண் போட்டது. புற்றுதான், மூன்று பக்க ஓரமும் சுத்தம், கீழ்ப்பக்க ஓரத்தில் மட்டும் சந்தேகம் என்று எழுதியிருந்தார்கள். கெட்ட அணுக்கள் அங்கே விளிம்புவரை வந்திருந்தன. சீனியரிடம் சொன்னபோது, "இப்பவாவது கேளு, கண்ணை எடு" என்றார். அன்று முழுக்க யாரையும் திட்டாமல் இருந்தேன். சிஸ்டர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த அம்மாளிடம் உள்ளபடியே சொன்னேன். கீழ் ஓரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் எடுத்து, மறுபடி உறையவைக்கிறேன். மூன்று மாதம் பார்ப்போம். திரும்ப வந்தால் கண்ணை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"வரலேன்னா?"

"வரலேன்னா கண்ணு உங்களுது."

"அப்ப செய்யுங்க" என்றார். டிரம் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் வந்தது. இந்தமுறை வார்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாத்தனாரே இறங்கிப் போய் டிரம்மை ஒரு கை பிடித்தார்.

அந்த மூன்று மாதமும் எனக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் சாயம் விட்டுப் பார்ப்பேன். வெட்டித் தைத்த இடம் சிவந்திருக்கும், சாயம் லேசாக ஒட்டும். ஆறாத புண்ணா, திரும்பி வந்த நோயா என்று சொல்ல முடியாது. "இப்பவும் குனியக் கூடாதா?" என்பார். "கூடாது" என்பேன். வயலில் களை எடுத்தார்கள், உரம் போட்டார்கள், பயிர் சூல் கட்டியது, கதிர் வந்தது. எல்லாம் அவர் வாயால்தான் கேட்டேன். வரப்பிலேயே நின்று நின்று கால் வீங்கிவிட்டது என்பார். முகத்தில் இப்போது இரண்டு பக்கமும் மஞ்சள் இருந்தது.

புரட்டாசி பாதி கழிந்திருந்தது அந்த மூன்றாம் மாதப் பரிசோதனையின்போது. சாயம் விட்டேன். விளக்கை நெருக்கி வைத்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் கண்ணின் வெள்ளை வழுவழுப்பாக இருந்தது. சாயம் எங்கும் ஒட்டவில்லை. தடித்த குழாய்கள் வற்றி, தேடினாலும் தெரியாமல் போயிருந்தன. கருவிழி ஓரத்தில் மெல்லிய தழும்பு, அவ்வளவுதான். நம்பாமல் இன்னொரு சொட்டு விட்டேன். இமையைப் புரட்டினேன். மேலே பார், கீழே பார் என்று படுத்தி எடுத்தேன். ஒன்றும் இல்லை.

விளக்கு எனக்கே மங்கலாகத் தெரிந்தது.

"என்னங்க பேச மாட்டேங்கிறீங்க? மறுபடி மொளைச்சிடுச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருந்தா நீங்க ஏன் அழுவுறீங்க?"

"உங்களுக்குச் சேத்துத்தான் அழுவுறேன், சும்மா இருங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். இன்னும் வருடக்கணக்கில் வந்து காட்ட வேண்டும், அதற்காக இந்த வேலை செய்யாதே அந்த வேலை செய்யாதே என்பதெல்லாம் இனி இல்லை என்றேன். பேச்சை மாற்ற, "அறுப்பெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

நாத்தனார் பொங்கிவிட்டார். "எங்கங்க முடிஞ்சுது! ஊரே அறுத்து அடிச்சுத் தூத்தியாச்சு. எங்க வயலு மட்டும் சாஞ்சு கெடக்குது. அருவாள ஒருத்தியையும் தொட விட மாட்டேங்குது அண்ணி. டாக்டரம்மா குனியச் சொல்லட்டும், மொதப் புடிய நாந்தான் அறுப்பேன்னு நிக்கிது. மழை வந்தா என்னங்க ஆவுறது?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மூன்று மாதம் டிராக்டரிடமிருந்து காத்த பயிரை மழைக்குக் கொடுப்பதா? "குனியலாம்மா! தாராளமா குனியலாம்! மொதல்ல கெளம்புங்க இங்கேருந்து!" என்று கத்தினேன்.

அந்த அம்மாள் எழுந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். என் எதிரே வந்து நின்று, அப்படியே இடுப்பை வளைத்துத் தரைவரை குனிந்தார். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். காலில் விழுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

"சீ, என்னம்மா இது, எழுந்திருங்க. கால்லல்லாம் விழாதீங்க!"

அவர் உடனே நிமிரவில்லை. விரல் நுனியால் தரையைத் தொட்டு, இடதுபக்கம் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"ஒங்க கால்ல யாருங்க விழுந்தா? குனிய வருதான்னு பாத்தேன்" என்றார்.